சுமுத்திரையான நிறைகல்லுக்கு ஒரு நன்றி மடல்

கடலூர் முதுநகர்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, பெரியம்மா,

'ஸ்தோத்திரம்' என்று தொடங்கினால் கத்தோலிக்க வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். 'இயேசுவுக்கே புகழ்' என்று தொடங்கினால் பெந்தெகொஸ்தே தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே, வணக்கம்.

சனிக்கிழமை சாயங்கால வேத வாசிப்பு ஒரு சுற்று முடிந்திருக்கிறது. வேதத்துக்கு விளக்கம் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தராசையும் தண்டலையும் தையலையும் மாத்திரையையும் தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்து, 'இந்த வசனம் எங்கள் வேலையில் இந்த இடத்தில் வருகிறது' என்று விரல் வைத்துக் காட்டியதுதான் அபூர்வம். பெயர் போடக்கூடாது என்று நீங்கள் எல்லாரும் சொல்லிவிட்டதால் தொழிலைச் சொல்லியே கூப்பிடுகிறோம்.

முதலில் தராசு ரிப்பேர் அண்ணனுக்கு. நீதிமொழிகள் 11:1இல் வருகிற 'சுமுத்திரையான நிறைகல்' என்ற சொல்லில் எல்லாரும் தடுக்கி விழுந்தோம். நல்ல முத்திரை போட்ட கல் என்று பொருள். எபிரெய மூலத்தில் அது 'முழுமையான கல்'. அந்தக் காலத்தில் எடைக்கு வைத்தது நிஜமான கல்தான்; ஓரம் உடைந்தால் எடை குறையும். உபாகமம் 25:13, ஒரே பையில் பெரிய கல்லும் சிறிய கல்லும் வைத்திருக்காதே என்கிறது. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல். இவ்வளவு சொல்ல எங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் இன்று கல்லே இல்லையே, எல்லாம் மிஷின் தராசுதானே, அதில் பொய் எங்கே உட்காரும் என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.

அது உட்காருவது பெரும்பாலும் கூடையில். காலையில் காய்ந்த மூங்கில் கூடையை வைத்து, அதன் எடையைக் கழித்து எண்ணைப் பூஜ்யமாக்கும் 'டேர்' பொத்தானை அழுத்துகிறோம். இரண்டு மணி நேரத்தில் கூடை தண்ணீர் குடித்துவிடுகிறது. அந்தத் தண்ணீரும் மீன் கணக்கில் ஏறுகிறது. 100 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் நாற்பது பேருக்கு நிறுத்தால் 4 கிலோ. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் 4 கிலோ. பிளாஸ்டிக் கூடைக்கு மாறுங்கள், முடியாதவர்கள் பத்து எடைக்கு ஒருமுறை வெறும் கூடையை வைத்து மறுபடி டேர் போடுங்கள், ஐஸ் தண்ணீர் வடிந்தபின் நிறுங்கள் என்றீர்கள்.

தராசைச் சோதிக்கும் விதமும் உங்களிடம் கற்றதுதான். ஏலத்தளம் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்ட தரை. அதில் தராசை அப்படியே வைக்கக்கூடாது. நாலு கால் திருகையும் திருகி, குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கவேண்டும். பிறகு முத்திரை போட்ட 5 கிலோ இரும்புக் கல்லைத் தட்டின் நடுவிலும், நாலு மூலையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். ஐந்து இடத்திலும் ஒரே எண் வரவேண்டும். ஒரு மூலையில் மட்டும் மாறினால் உள்ளே எடையை உணர்கிற லோடு செல் பக்கம் கோளாறு. உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது தட்டுக்கு அடியில் செதில் சிக்கியிருக்கும். எண் நிற்காமல் ஆடினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். கடையில் வாங்கிய உப்பு பாக்கெட்டை வைத்துச் சோதிக்கிறவர்களைப் பார்த்து நீங்கள் முறைத்த முறைப்பு மறக்காது. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். சான்றிதழ் கடையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொங்கவேண்டும். 'சுமுத்திரை' என்ற சொல் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தமிழாயிற்று.

மீன் விற்கும் பெரியம்மா, அதோடு நீங்கள் ஒன்று சேர்த்தீர்கள்: விற்கிறவளுக்கு நஷ்டம் காட்டுகிற தராசும் கள்ளத்தராசுதான், அதைச் சகித்துக்கொள்வது பக்தி ஆகாது. இன்னொன்று, வெட்டுமுன் நிறுப்பதா, வெட்டியபின் நிறுப்பதா என்பதை விலை பேசும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுவது. தலை, வால், குடல் போனபின் கிலோ குறைவதைக் கண்டு வாங்கினவர் மனசுக்குள் நம்மைத் திருடி என்று சொல்லிக்கொண்டு போவார். நாம் திருடவே இல்லை.

அடுத்து தையலக அக்காவுக்கும் சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் அண்ணனுக்கும். 'எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்பது கொலோசெயர் 3:23. எத்தனை முதலாளிகளின் மேஜைக்குப் பின்னால் அது சட்டம் போட்டுத் தொங்குகிறது! அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் ஏன் தொங்கவில்லை? 4:1 எஜமான்களுக்குச் சொன்னது, வேலைக்காரருக்கு நீதியும் நியாயமும் செய்யுங்கள் என்று. அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல. 13ஆம் நூற்றாண்டில் வந்தது. அந்தக் கோடு சரியாகத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் விழுந்துவிட்டதால், ஒரு பாதி சுவருக்குப் போயிற்று, மறுபாதி புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. இனி இந்த இரண்டையும் சேர்த்தே வாசிப்பது, கூடவே பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தையும் வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். அது 25 வசனம்தான். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதும் என்கிறார் பவுல். அதே ஒநேசிமுவின் பெயர் கொலோசெயர் 4:9இல் இருக்கிறது.

வேலை கொடுக்கிறவர்களும் வாசிப்பில் உண்டு. லேவியராகமம் 19:13 கூலி விடியும்வரை உன் கையில் இருக்கக்கூடாது என்கிறது; உபாகமம் 24:15 பொழுது சாயுமுன் கொடு என்கிறது. சிறு நிறுவனங்களில் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் என்பது நாட்டுச் சட்டம். பிசகுவது பெரும்பாலும் முன்பணத்தில். ஒருவர் மட்டும் எழுதிவைத்த நோட்டு மூன்று மாதத்தில் சண்டையில் முடியும். இரண்டு நோட்டு, இரண்டிலும் தேதி, தொகை, இருவர் கையெழுத்து. அண்ணன் சொன்ன அந்த வழி இப்போது நாலு கடையில் நடக்கிறது.

'மனப்பூர்வமாய்' என்றால் ரவிக்கையில் அது எங்கே இருக்கும் என்று அக்கா காட்டியது லைனிங் துணியை. பருத்தி லைனிங்கைத் தண்ணீரில் முக்கி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டபின் வெட்டவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் துவையலில் லைனிங் சுருங்கும், மேல்துணி சுருங்காது, தோள்பட்டையில் கோணிக்கொள்ளும். தைத்துக் கொடுக்கிற அன்று அது யார் கண்ணுக்கும் தெரியாது. பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்சு துணி விடுவதும் அப்படித்தான். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். கிறிஸ்துமஸ் நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது இந்த நனைத்தல்தான், எனவே டிசம்பர் 15க்குப் பிறகு ஆர்டர் எடுப்பதில்லை என்றீர்கள். பிரசங்கத்தில் இப்படி ஒரு தேதி வந்து நாங்கள் கேட்டதில்லை.

வாசிப்புக்கு வருவோம். பாண்டியிலிருந்து பஸ் ஏறி வாராவாரம் வந்த தமிழ் டீச்சருக்கு. இரண்டு மொழிபெயர்ப்பு ஒரே பாயில் இருந்தால் முதல் அரைமணி பக்கம் தேடுவதிலேயே போகும். ஒருவருக்கு உபாகமம், இன்னொருவருக்கு இணைச்சட்டம். ஒருவருக்கு சங்கீதம், இன்னொருவருக்கு திருப்பாடல். வயதானவர் ஒருவர் சின்னப்பர் என்பார், பவுலைத்தான் சொல்கிறார் என்று புரிய நேரமாகும். 66 புத்தகத்துக்கும் இரண்டு பெயரையும் எழுதி, கத்தோலிக்க வேதத்தில் மட்டும் உள்ள 7 புத்தகத்தைக் கீழே தனியாகப் போட்டு, ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் அதுதான் நடுவில் கிடக்கிறது.

வருஷத்துக்குள் முழு வேதமும் என்கிற பழைய கணக்கு இது: 66 புத்தகத்தில் 1,189 அதிகாரம், நாளுக்கு 3, ஞாயிறு 5, வாரம் 23, ஐம்பத்திரண்டு வாரத்தில் முடியும். கணக்கு சரி, ஆள்தான் நிற்பதில்லை. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக ஜனவரி கடைசியில் எல்லாரும் லேவியராகமத்தின் பலிமுறைகளில் தரைதட்டுகிறார்கள். பிப்ரவரியில் குற்றவுணர்ச்சி, மார்ச்சில் புத்தகம் அலமாரியில். டீச்சர் சொன்ன மாற்று: நாலு சுவிசேஷத்துக்கும் 89 அதிகாரம், நாளுக்கு ஒன்று, கூட ஒரு சங்கீதம். மூன்று மாதத்தில் ஒரு முழுமை கிடைக்கும். ஒரு நாள் தவறினால் இரட்டிப்பாகப் படித்து ஈடுகட்டக்கூடாது, அன்றைய பகுதியை மட்டும் படிக்கவேண்டும். ஈடுகட்டப் பார்த்தவர்கள்தான் சீக்கிரம் விட்டார்கள். எழுத்து வராதவர்களுக்காக மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்த அந்தச் சாயங்காலத்துக்குத் தனி நன்றி.

கடன் கணக்கு போட்டுக் காட்டிய சுயஉதவிக் குழு அக்காவுக்கு. தண்டல் கடனில் 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு, கையில் 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100, நூறு நாள். எல்லாரும் 'பதினைந்து வட்டிதானே' என்பார்கள். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் கையில் இருப்பதில்லை. ஐம்பதாம் நாளிலேயே 5,000 திரும்பிப் போயிருக்கும். சராசரியாகக் கையில் நின்றது நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நூறு நாளில் 1,500. வருஷக் கணக்கில் நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் உண்டு. ஜாமீன் கையெழுத்தைப் பற்றி நீதிமொழிகள் 6 பதறுவதற்கும் காரணம் இருக்கிறது: கடன் வாங்கினவரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரர் வாசலுக்கு வரச் சட்டத்தில் இடமுண்டு. உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது, மாவு அரைக்கிற வீட்டின் உயிர் அது. தையல் மிஷினை, வலையை, படகு என்ஜினை அடகு வைக்கலாமா என்ற கேள்விக்கு இதற்குமேல் பதில் தேவைப்படவில்லை. படகு கட்டிக் கிடக்கும் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள். தை மாதத்திலேயே வாரத்துக்கு ஒரு தொகை ஒதுக்கினால் தண்டல்காரர் தேவைப்படமாட்டார் என்பதையும் நீங்கள்தான் எழுதிக்காட்டினீர்கள்.

கடைசியாக நர்ஸ் அக்காவுக்கு. உங்களுக்கு நாங்கள் பட்டிருப்பது பெரிய கடன்.

1 இராஜாக்கள் 19ஐ நீங்கள் வாசித்த விதம் வேறு. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தூதன் புத்திமதி சொல்லவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. தேவன் பேசுவது நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்; அதுவும் முதலில் ஒரு கேள்வி. மனம் ஒடிந்து வருகிறவரிடம் 'விசுவாசம் ஏன் குறைந்தது' என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டீர்களா, எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேளுங்கள் என்றீர்கள். சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வருகிறது என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், உதவி எண்களான 14416 அல்லது 104க்குப் போன் போடுங்கள். சங்கீதம் வாசிக்கக் கேட்டால் 88 வாசியுங்கள். அது இருட்டிலேயே முடிகிறது; முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், அவசரமாகத் துதி பாடும் 103ஆம் சங்கீதத்துக்குத் தாவாதீர்கள்.

குடி விஷயத்தில் நீங்கள் சொன்னது ஒவ்வொரு சபையிலும் அறிவிப்பாகப் படிக்கப்படவேண்டும். தினமும் அதிகம் குடிக்கிறவர் ஜெபக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து அன்றே முழுக்க நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் குழம்பி இல்லாததைப் பார்க்கலாம். அது பிசாசு அல்ல, உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை. தீர்மானம் நல்லது, நிறுத்துவது ஆஸ்பத்திரியில். பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கள் ஆளைத் தனியாக பஸ் ஏற்றிவிடாதீர்கள். அந்த பஸ் கன்னியக்கோயில் மதுக்கடைகளைத் தாண்டித்தான் போகவேண்டும். வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்த கையோடு நிறுத்தக்கூடாது. ஏசாயா 38இல் எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டது, ஆயுளும் கூட்டப்பட்டது. அதற்குப் பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழ அடை பற்றுப் போடச் சொன்னார் தீர்க்கதரிசி.

டீ கொடுத்த கடைக்காரருக்கும், பாய் கொடுத்த வீட்டாருக்கும், மழை நாளில் வராந்தா திறந்துவிட்ட கோயில்பிள்ளைக்கும் நன்றி. பாய் இரண்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது.

அடுத்த சுற்று தடைக்காலத்தில், படகுக்காரர்கள் கரையில் இருக்கும்போது தொடங்குகிறது. யாக்கோபு நிருபத்தின் ஐந்து அதிகாரம். தராசு அண்ணன், வரும்போது அந்த 5 கிலோ கல்லையும் கொண்டுவாருங்கள். பெரியம்மா புதுத் தராசு வாங்கியிருக்கிறார்.

அன்புடன்,
சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கிறவர்கள்