ரசிகர் மன்றங்களுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைக்காட்சி அறிவியல் புனைகதைத் தொடர்களின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். தயாரிப்பாளர்கள், நடிகர்கள், தந்திரக் காட்சிகள் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதியவர், ரசிகர் மன்றங்களை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டார். ஒரு சிறிய மன்றத்துக்குப் பல ஆண்டுகள் செயலாளராக இருந்திருக்கிறேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1967 இறுதியில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் என்ற ரசிகத் தம்பதி ஒரு வழி சொன்னார்கள்: ஒருவர் பத்துப் பேரிடம் சொல்லிக் கடிதம் எழுதவைக்க வேண்டும், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும். தொடரை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனத்துக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போய்ச் சேர்ந்தன. 1968 மார்ச் 1 அன்று, தொடர் நிற்காது என்று திரையிலேயே அறிவித்தார்கள். மூன்றாம் பருவமாக 24 அத்தியாயங்கள் கூடுதலாகக் கிடைத்து, மொத்தம் 79 ஆனது. பிற்பாடு உள்ளூர் நிலையங்கள் அதை நாள்தோறும் மறு ஒளிபரப்பு செய்ய அந்த எண்ணிக்கை கைகொடுத்தது. புதிய ரசிகர்களும் புதிய மன்றங்களும் பெருகியது அப்போதுதான். 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு, தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான 'என்டர்பிரைஸ்' என்று பெயர் வந்ததும் ரசிகர்களின் கடிதங்களால்தான்.

என்னை இன்னும் அதிகமாக நெகிழவைப்பது பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடரின் ரசிகர்கள் செய்த வேலை. 1960களில் ஒளிபரப்பான பல அத்தியாயங்களின் நாடாக்களைப் பிபிசி அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கும் வாய்ப்பில்லை என்று நினைத்தார்கள். ஆனால் சில ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலியைப் பதிவு செய்திருந்தார்கள். படம் தொலைந்துபோன அத்தியாயங்களுக்கெல்லாம் ஒலியாவது இன்று மிஞ்சியிருக்கிறது என்றால், அவர்கள்தான் காரணம். அந்த ஒலியை வைத்தே பின்னால் அனிமேஷன் வடிவங்களும் வந்தன.

சரி, இவையெல்லாம் பெரிய கதைகள். ஊர் மன்றங்களின் கதையை யார் எழுதுவது? ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மையில் கை கறுத்து, இரவெல்லாம் உட்கார்ந்து செய்திமடல் போட்டோம். ஒருவர் வாங்கிய வீடியோ கேசட்டைப் பிரதி எடுத்து, பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து, முகமே தெரியாத அளவுக்கு மங்கிய படத்தைப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் விடிய விடிய விவாதம். அறிவியலை ஆசையோடு படிக்கத் தொடங்கியதே அந்த அறையில்தான் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு.

எங்கள் பொருளாளர் வீடு மாறியபோது, கூட்டக் குறிப்பேடும் செய்திமடல்களும் இருந்த பெட்டி பழைய பேப்பரோடு போய்விட்டது. இன்றும் மனது ஆறவில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நூலகம் ரசிகர் இதழ்களைக் கேட்டு வாங்கி, பட்டியலிட்டுப் பாதுகாக்கிறது. நம் பரணிலும் இப்படி ஒரு கட்டு கிடக்கலாம்.

என் வேண்டுகோள் இதுதான். வாசகர்களிடம் உள்ள பழைய மன்றச் செய்திமடல்கள், உறுப்பினர் அட்டைகள், கூட்டப் புகைப்படங்கள் இவற்றின் படிகளைக் கேட்டு வாங்கி ஒரு சிறப்புப் பகுதி வெளியிடுங்கள். என்னிடம் தப்பிப் பிழைத்த செய்திமடல்கள் மூன்று இருக்கின்றன. முதல் ஆளாக அவற்றை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மன்றச் செயலாளர்