ஸ்டேர் பிரபுவுக்கு ஒரு நினைவுநாள் கடிதம்

மதிப்பிற்குரிய ஜான் டால்ரிம்பிள் அவர்களுக்கு,

ஸ்காட்லாந்துப் பிரபுவாகவும் பிரிட்டனின் படைத்தலைவராகவும் தூதராகவும் வாழ்ந்த நீங்கள், 1747ஆம் ஆண்டு மே 9 அன்று எடின்பரோவில் கண்மூடினீர்கள். அந்த நாள் மீண்டும் வந்திருக்கிறது. பிரெஞ்சுப் படையை முறியடித்த ஊடனார்டு போரின் வெற்றிச் செய்தியை லண்டனுக்குக் கொண்டுசென்றதையும், பாரிஸில் தூதராக இருந்து பிரிட்டன் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வாரிசின் ஒவ்வோர் அசைவையும் வேவு பார்த்ததையும் உங்களுக்கே நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் மனம் 1682 ஏப்ரலை விட்டு நகர மறுக்கிறது.

எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டியது; அது வெடித்ததில் அண்ணன் ஜேம்ஸ் உயிரிழந்தார். அரச மன்னிப்பு கிடைத்தது. பெற்றோராலோ உங்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை; ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் விட்டு, கண்ணுக்கு எட்டாத இடத்தில் வளர்த்தார்கள். பிறகு ஒல்லாந்தில் தஞ்சமிருந்த தாத்தாவின் நிழல்தான் உங்களுக்குக் கிடைத்தது. நாலு பேர் படிக்கும் இடத்தில் இந்தப் புண்ணைக் கிளறுவதற்குப் பொறுத்தருளுங்கள். ஆனாலும் உங்கள் போர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் தருபவர்கள் அந்தப் பிள்ளையை ஒரே வரியில் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாளாவிருக்க முடியவில்லை.

உங்கள் மனைவி எலினரைப் பற்றியும் எழுத இருந்தேன். அது ஊரறியப் பேசும் பேச்சன்று, விட்டுவிடுகிறேன்.

தந்தையாரைப் பற்றி அப்படி விட முடியாது. கைதவறிச் சுட்ட மகனை வீட்டில் வைத்திருக்க மனம் ஒப்பாத அதே மனிதர், 1692 பிப்ரவரியில், அரசரின் செயலராக இருந்து, ஸ்காட்லாந்து மலைநாட்டின் க்ளென்கோ பள்ளத்தாக்கில் மெக்டொனால்டு குடியினரைக் கொல்லும் திட்டத்தை முன்னின்று நடத்தினார். அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் உப்பைத் தின்ற வீரர்களே ஏறத்தாழ 38 பேரைக் கொன்றார்கள். அதற்காகத் தந்தையாருக்குப் பதவி மட்டுமே போயிற்று. 1703இல் ஏர்ல் என்னும் உயர் பிரபுப் பட்டம் வந்து சேர்ந்தது. 1707இல் அதை நீங்கள் சுமந்துகொண்டீர்கள். அதே 1692இல் பிரெஞ்சுப் படைக்கு எதிரான ஸ்டீன்கெர்க் போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்த இளைஞராயிற்றே நீங்கள்! உங்கள்மேல் எனக்குள்ள அன்பே இந்த இடத்தில் கோபமாகிறது.

1743இல் பிரெஞ்சுப் படையை வென்ற டெட்டிங்கன் போருக்குப் பிறகு, உங்கள் யோசனைக்கு மதிப்பில்லை என்று கண்டதும், எழுபது வயதில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரிடமே முறையிட்டுத் தலைமைப் பொறுப்பைத் துறந்தீர்கள். அந்த நெஞ்சுரத்தில் ஒரு பங்கு க்ளென்கோவில் மாண்டவர்களுக்குச் சேர வேண்டியது, பிரபுவே.

இப்படிக்கு,
உங்கள் வாழ்வைத் தொடர்ந்து படித்துவரும் ஒருவர்