மலைக்கு மிதிவண்டியில்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பயணிகளுக்கு வீட்டில் இடம் கொடுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நடந்த வேலைகளையும் இனி நடக்க வேண்டியவற்றையும் மட்டும் இங்கே வைக்கிறேன்.

காரை எடுக்காமல் கொல்லிமலைக்கு வந்து, நாலு நாள் சைக்கிளில் சுற்றிவிட்டுப் போகலாம் என்ற நிலையை உண்டாக்கத்தான் இந்தச் சங்கம். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஏற்றத்தைப் பற்றி. "எழுபது கொண்டை ஊசி வளைவாமுங்க, ஏறிருவமா?" தாராளமாக ஏறலாம். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், மைல்கல்லில் உட்காரலாம், பின்னால் வரும் பேருந்துக்குக் கை காட்டலாம். ஆபத்தெல்லாம் இறக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே இவ்வாண்டு சங்கத்தின் பணமும் உழைப்பும் பெரும்பாலும் இறக்கத்துக்கே போயின. காட்சிமுனைகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் யோசனை அதனால்தான் தள்ளிப்போனது.

கணக்கைப் பாருங்கள். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 90 கிலோ. மலைமேல் உள்ள சோளக்காட்டிலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்குள் 900 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், சுமார் 8 லட்சம் ஜூல் ஆற்றல். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில் சூடாகத்தான் மாறும். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அது. பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆற இடமே இல்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் காய்ந்து, டியூபுக்குள் காற்று விரிந்து, ஒட்டின பஞ்சர் இளகி விட்டுக்கொள்ளும்; சில சமயம் டயரே படாரென்று போகும். சக்கர நடுவில் உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் என்றால் பட்டைகளின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப்போய், எவ்வளவு பிடித்தாலும் கத்துமே தவிர நிற்காது. எண்ணெயில் இயங்கும் பிரேக்கில் எண்ணெய் கொதித்துவிட்டால் லிவர் கைப்பிடி வரைக்கும் தொளதொளவென்று வந்துவிடும்.

எனவே நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது வேகம் ஏற்கெனவே குறைந்திருக்க வேண்டும். ஈரத்திலும் சில்வர் ஓக் சருகு மேலும் வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆற விடவும். ஆற வைக்கிறேன் என்று டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தகடு கோணிக்கொள்ளும். விரலால் தொட்டுப் பார்த்தால் தோல் உரியும்.

இறங்குமுன் சோதனை என்பது இவ்வாண்டு முதல் கட்டாயம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளினால் பின் சக்கரம் எழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் டயர் தேய்ந்து இழுபட வேண்டும். லிவரை முழுக்க அழுத்தியும் கைப்பிடிக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். லிவர் பக்கம் கேபிளில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிள் மாற்றம்தான், பேச்சே இல்லை. பிரேக் கட்டையில் வெட்டியிருக்கும் காடி தேய்ந்து மறைந்திருந்தால் கட்டை மாற்றம். கடைசியாக, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள கப் தளர்ந்திருக்கிறது. தேறாத வண்டி பேருந்தில் இறங்கும். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக் வைத்த சாதா சைக்கிள்கள் மழை நாளில் சோதனைக்கே வர வேண்டியதில்லை. நனைந்த இரும்பு ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்காது.

சைக்கிள் நிறுத்த நன்கொடையாக வந்திருந்த பழைய ஸ்டாண்டை அகற்றிவிட்டோம். முன் சக்கரத்தை மட்டும் கவ்வும் வகை அது. பக்கத்து வண்டி சாய்ந்தால் போக்ஸ் கம்பி வளையும், பூட்டவும் சட்டகம் எட்டாது. அதற்குப் பதில் கவிழ்த்த 'ப' வடிவில் குழாய் வளைத்து நட்டிருக்கிறோம். வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், தரைக்கு மேல் 75 சென்டிமீட்டர், கான்கிரீட்டுக்குள் 30. புதைகிற முனைகளில் குறுக்குக் கம்பி பற்றவைத்திருப்பதால் ஆட்டிப் பிடுங்க முடியாது. ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி, சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர். ஒரு குழாய்க்கு இரண்டு வண்டி, பக்கத்துக்கொன்று. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் இருக்கும்போது இதற்கு வெளியூர் போவானேன்! அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

காற்றடிக்கும் இடத்தில்தான் வருகிறவர்கள் அதிகம் திண்டாடுகிறார்கள். சாதா சைக்கிளில் இருப்பது வால் டியூப் மாட்டிய பழைய வால்வு; பல கியர் சைக்கிள்களில் பைக்கில் இருக்கிற தடித்த வால்வு; விலையுயர்ந்தவற்றில் நுனியில் சின்னத் திருகு வைத்த மெல்லிய பிரஸ்டா வால்வு. ஊர்க் கடைகளின் குழாய் மூன்றாவதற்குப் பொருந்தாது. பித்தளை அடாப்டரைச் சங்கிலி போட்டுப் பம்புடன் கட்டியிருக்கிறோம், கட்டாவிட்டால் யார் சட்டைப்பையிலாவது போய்விடும். டயர் அளவிலும் ஒரு குழப்பம். 28 இஞ்ச் சாதா டயரின் உள்விட்டம் 635 மில்லிமீட்டர். 29 இஞ்ச், 700சி என்று போட்டிருக்கும் டயர் இரண்டுக்கும் 622. டயர் ஒன்றுக்கொன்று ஏறாது. ஆனால் அவசரத்துக்கு 28-இன் டியூபை 29-க்குள் வைத்து ஊர் போய்ச் சேரலாம்.

அடிவாரத்துத் தோட்ட வழிகளில் நெருஞ்சி முள் தாராளம். பஞ்சர் ஒட்டியும் அரை மணியில் மறுபடி காற்று இறங்குகிறது என்றால், பெரும்பாலும் முள் டயருக்குள்ளேயே இருக்கிறது. உட்புறம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள், விரலால் வேண்டாம். சொல்யூசன் ஈரமாக இருக்கும்போதே பஞ்சர் பட்டியை ஒட்டுவது இன்னொரு தவறு. மெல்லப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு ஓட்டை இருந்தால் அது முள்ளல்ல, காற்றுக் குறைவாகக் குழியில் ஏறி ரிம் கடித்தது. பெடலைக் கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். இடது பெடலுக்கு மரை தலைகீழ். அதை மறந்து இறுக்கிவிட்டு அப்புறம் எங்கள் ஸ்பேனரைக் குறை சொல்லக் கூடாது.

கியர் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று: முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, பின்னால் இருக்கும் பெரியதன் எண்ணிக்கையை மீறாமல் இருந்தால் மலை ஏறும். முன் 34, பின் 34 என்றால் நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். நடையைவிட வேகம், அவ்வளவு போதும்.

வந்து சேரும் வழி. 2013இல் சேலம்–கரூர் பாதை திறந்த பிறகு நாமக்கல்லுக்கு ரயில் உண்டு. சைக்கிளைப் பார்சலாக அனுப்புகிறவர்கள், வண்டி சில நிமிடமே நிற்கும் நிலையத்தை நம்பாமல் சேலம் சந்திப்பில் இறக்கிக்கொள்வது மேல். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, கியர் இருக்கும் பக்கத்துக்குச் சாக்கு இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். மற்றப் பெட்டிகள் மோதுவது அங்கேதான். பேருந்துகளில் பலவற்றுக்கு இப்போது மேலே ஏற ஏணி கிடையாது. ஏணி உள்ள வண்டிகள் எந்த நேரத்துக்கு வருகின்றன என்ற பட்டியலைச் சங்க வாசலில் ஒட்டியிருக்கிறோம். அது மாறும்போது நடத்துநர்களே சொல்லிவிடுகிறார்கள், அவர்களுக்கு நன்றி. மிதிக்க மனமில்லாதவர்கள் பேருந்தில் மலைமேல் உள்ள செம்மேடு வந்து, வாடகைச் சைக்கிளில் மேலே மட்டும் சுற்றிவிட்டு, பேருந்திலேயே இறங்கலாம். குடும்பமாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா நாட்களில் சாலை முழுக்க வண்டி. சங்கம் பயணம் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் உருளும், பனிமூட்டத்தில் பேருந்து பத்தடிக்கு வந்த பிறகே தெரியும். சிவப்பு விளக்குப் பகலிலும் எரிய வேண்டும். வளைவில் பேருந்தின் உட்பக்கம் நுழையாதீர்கள், பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். குறுகிய மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதை ஓட்டுநர்களிடம் பேசி வருகிறோம். ஆகாய கங்கை அருவிக்குப் போகும் படிகளை இறங்கி ஏறிய அதே நாளில் பெரிய ஏற்றம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம், தொடை கேட்காது. குரங்குகளுக்குக் கேரியர்ப் பையின் ஜிப் திறக்கத் தெரியும்.

தங்கும் வீடுகளில் கேட்டுக்கொள்வது மூன்றே மூன்று: நனைந்த துணி உலர்த்தக் காற்றோட்டமான திண்ணையில் கயிறு, சைக்கிள் இரவு உள்ளே வைக்க இடம், விடியும் முன் சாப்பாடு. சாமைச் சோறோ கேழ்வரகுக் கூழோ போதும். வெயிலில் களைத்து வருகிறவருக்கு ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதற்கு மேல் போகக் கூடாது.

அடுத்த ஆண்டுக்குக் கோருவது: வாடகைச் சைக்கிள்களின் செயின்களை இஞ்ச் ஸ்கேலால் அளந்து, 12 இஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறில் ஒரு இஞ்ச் நீண்டவற்றை உடனே மாற்ற ஒரு தொகை. எட்டில் ஒன்று வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து, செலவு பல மடங்காகும். அதோடு, பாதி இறக்கத்தில் நிழலும் தண்ணீரும் உள்ள ஒரு வளைவில் பிரேக் ஆற நிற்கும் இடம். நெடுஞ்சாலைத் துறைக்கும் வனத்துறைக்கும் மனு தயாராக இருக்கிறது, பொதுக்குழு ஒப்புதல் தந்தால் அனுப்பலாம். கருவிப் பெட்டியின் சாவி இனிமேல் தேநீர்க்கடையில் இருக்கும். எடுத்தவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்