பதிவேட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்: எங்கள் சங்கத்தின் நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அக்கா, பொருளாளர் அண்ணா, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஊடகக் குழுத் தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் வெள்ளவத்தையில் நாங்கள் நடத்திய கண் பரிசோதனை முகாமுக்கு ஏன் வரவில்லை என்று மட்டக்குளியில் இருக்கும் எங்கள் உறுப்பினர் அம்மா ஒருவரிடம் கேட்டேன். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை" என்றார். நாங்கள் சொல்லாமலா விட்டோம்? முகநூலில் நல்ல வடிவான போஸ்டர் போட்டோம். வட்ஸ்அப் குழுவில் நான்கு தடவை போட்டோம். அந்த அம்மாவின் கையில் இருப்பதோ பட்டன் போன். பார்வை மங்கிய ஒருவருக்குக் கண் முகாமைப் பற்றிய செய்தியைப் பொடி எழுத்துப் போஸ்டரில் அனுப்பியிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கூடும் நிர்வாக சபையில் முடிவெடுக்க இருக்கும் யோசனையை வாசித்தேன். இனி எல்லா அறிவித்தலும் முகநூல் பக்கத்திலும் டிக்டொக்கிலும் மட்டும், வட்ஸ்அப் குழுக்களை மூடுவது, வருடாந்தக் கூட்டத்துக்கு அனுப்பும் தபால் அட்டையையும் நிறுத்துவது. காரணமாக இரண்டு "ஆய்வுகள்" இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று எங்கள் கூகுள் படிவம். மற்றது ஓர் அமெரிக்க ஆய்வின் வரைபடம். ஆய்வு செய்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று எங்கள் சபை நினைத்ததே பெரிய விஷயம். வழக்கமாக யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்ன இடத்துக்குத்தான் நாங்கள் போவோம். ஆனால் நான் சில வருடம் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்துக்காக இந்தக் கொழும்பில் வீடு வீடாகக் கதவு தட்டி வினாக்கொத்து நிரப்பியவள். அதனால் அந்த இரண்டு தாள்களையும் பார்த்தவுடன் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் கூகுள் படிவம். அதை எங்கே பகிர்ந்தோம்? எங்கள் முகநூல் பக்கத்தில். "நீங்கள் அதிகம் பயன்படுத்துவது எது?" என்ற கேள்விக்கு முகநூல் முதலிடம். கோயில் வாசலில் நின்றுகொண்டு "நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வருமோ அதே பதில்தான் வந்திருக்கிறது. அந்த மட்டக்குளி அம்மா படிவத்தில் இல்லை. செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் இரவு வரை நிற்கிற எங்கள் மலையகத் தம்பிமார் எத்தனை பேர் அதைக் கண்டிருப்பார்கள்? காணாதவர்களின் பதில் "இல்லை" என்றுகூடப் பதிவாகாது. அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இந்தத் தவறு எங்களுடையது மட்டும் அல்ல, மிகப் பெரியவர்களும் விட்டிருக்கிறார்கள். 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஒரு கோடி வாக்குச்சீட்டு மாதிரிகளைத் தபாலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று எழுதினார்கள். 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளைப் பெருமளவு எடுத்த இடம் தொலைபேசிப் புத்தகமும் கார் பதிவுப் பட்டியலும். பொருளாதாரம் விழுந்து கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்தவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலை உடையவர்கள் அல்ல. அதே தேர்தலில் கருத்துக்கணிப்பு நடத்திய ஜோர்ஜ் கலப் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை வைத்து வெற்றி யாருக்கு என்று சரியாகச் சொன்னார். இருபது இலட்சம் சீட்டு தோற்ற இடம் அது. எங்கள் படிவத்துக்கு "நிறையப் பேர் பதில் போட்டார்கள்" என்று செயலாளர் அக்கா சந்தோஷப்பட்டபோது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. கோபிக்க வேண்டாம் அக்கா.

இரண்டாவது தாள் பியூ ஆய்வு நிலையத்தின் வரைபடம். அது நல்ல ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2023இல் 5,733 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். யூடியூப் 83 சதவீதம், முகநூல் 68, இன்ஸ்டகிராம் 47, டிக்டொக் 33, வட்ஸ்அப் 29. "பாருங்கள், வட்ஸ்அப் கடைசிப் பக்கம்" என்று எங்கள் யோசனைத் தாளில் அடிக்கோடு போட்டிருக்கிறது. தம்பி, அது அமெரிக்காவின் வயது வந்தோர் கணக்கு. ஜம்பட்டா வீதியில் மீன் வாங்குகிறவரை அவர்கள் கேட்கவில்லை.

அதே ஆய்வின் உள்ளே இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எங்களுக்கே ஒரு பாடம் இருந்தது. அமெரிக்காவிலேயே வெள்ளையர்களில் 20 சதவீதம்தான் வட்ஸ்அப் பாவிக்கிறார்கள், ஹிஸ்பானியர்களில் 54, ஆசிய வம்சாவளியினரில் 51. ஏன் என்று எங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கடல் தாண்டிச் சொந்தம் இருக்கிற வீட்டில்தான் அந்தப் பச்சை நிறப் பெட்டி அவசியம். டொரொன்டோவில் மகன், லண்டனில் மகள், வெள்ளவத்தை மாடிவீட்டில் அப்பாவும் அம்மாவும் என்று இருக்கிற எங்கள் உறுப்பினர்கள் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். 29 என்ற ஒற்றை எண் இதையெல்லாம் மூடி மறைத்துவிட்டது. வயதும் அப்படித்தான். 18 முதல் 29 வயது வரை டிக்டொக் 62 சதவீதம், 65க்கு மேல் 10. எங்கள் சங்கத்தில் சந்தாவைத் தவறாமல் கட்டுகிறவர்கள் எந்த வயது என்பது பொருளாளர் அண்ணாவுக்குத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம். அந்த ஆய்வு கேட்பது "எப்போதாவது பாவிப்பீர்களா" என்பதை. கணக்கு வைத்திருப்பதும் தினம் திறப்பதும் வேறு வேறு. எனக்கும் முகநூலில் கணக்கு இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தேன் என்றே ஞாபகம் இல்லை. அப்புறம், 2021இல் போனில் கேட்டவர்கள் 2023இல் இணையத்துக்கும் தபாலுக்கும் மாறியிருக்கிறார்கள். பழைய சதவீதத்தையும் புதிய சதவீதத்தையும் ஒப்பிடும்போது கவனம் வேண்டும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். எங்கள் தாளிலோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்புக்குறி போட்டிருக்கிறது!

உள்ளூர்த் தரவு இல்லையா? இருக்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு பற்றிய கணக்கெடுப்பை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே வெளியிடுகிறது. கொழும்பில் இயங்கும் லேர்ன்ஏஷியா என்ற ஆய்வு அமைப்பு 2018இல் நடத்திய வீட்டுக் கணக்கெடுப்பில், இலங்கையில் 15 முதல் 65 வயது வரையானவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவினர்தான் இணையம் பாவித்தார்கள். அதற்குப் பிறகு கொவிட் வந்து, பிள்ளைகளின் வகுப்பு போனுக்குள் வந்து, நிலைமை நிறைய மாறிவிட்டது. எப்படியும் இவை நாட்டைப் பற்றிச் சொல்லும், எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லாது.

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய பொருள் ஒன்று அலுமாரியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. அந்த நீல அட்டை உறுப்பினர் பதிவேடு. பெரிய ஆய்வு நிறுவனங்கள் இப்படி ஒரு முழுப் பட்டியல் கிடைக்காதா என்று ஏங்கும். இருக்கிற எல்லோருடைய பெயரும் ஒரே இடத்தில், முகநூல் உள்ளவர் இல்லாதவர் என்ற பேதம் இல்லாமல். பதிவேட்டில் 600 பெயர் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று முதல் ஆறு வரை எழுதிய துண்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுங்கள். நான்கு வந்தால் நான்காவது பெயர், அதிலிருந்து ஒவ்வோர் ஆறாவது பெயர். நூறு பேர் கிடைப்பார்கள். நூறு பேரை வைத்துக் கிடைக்கும் சதவீதம் ஏறத்தாழ பத்துப் புள்ளி மேலே கீழே போகலாம். தேர்தல் முடிவு சொல்ல அது போதாது. "முகநூலை மட்டும் நம்பலாமா" என்று தெரிந்துகொள்ளத் தாராளமாகப் போதும்.

அந்த நூறு பேரையும் போனில் கூப்பிட்டுக் கேட்போம். போன் எடுக்காதவரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குத் தாவக் கூடாது, அங்கேதான் எல்லா ஆய்வும் கெடும். பகலில் எடுக்காத கடைத் தம்பி ஞாயிறு பின்னேரம் எடுப்பான். மூன்று தரம், வேறு வேறு நேரத்தில். பட்டியலில் வந்த பெயருக்குப் போன் இலக்கமே இல்லை என்றால் நேரே போக வேண்டியதுதான். முகத்துவாரம் பக்கம் நான் போகிறேன். ஒரேயொரு வேண்டுகோள்: பொருளாளர் அண்ணா யாருக்கும் போன் எடுக்க வேண்டாம். அவருடைய குரலைக் கேட்டதும் சந்தா பாக்கி என்று நினைத்து ஆட்கள் பதுங்கிவிடுவார்கள்.

என்ன கேட்பது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "எந்தத் தளம் பிடிக்கும்?" என்று கேட்டால் நாகரிகமான பதில் வரும். "நேற்று போனில் எதை எதைத் திறந்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். "கடைசியாக நீங்கள் வந்த எங்கள் கூட்டத்தைப் பற்றி யார் சொல்லித் தெரிந்தது?" என்பது என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று பலர் சொன்னால், எங்கள் சிறந்த "தளம்" அந்த அக்காதான். அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் போதும்.

போன் யாருடையது என்று கேளுங்கள். சில வீடுகளில் ஒரே ஸ்மார்ட் போன், பகலில் அது கணவரோடு வேலைக்குப் போய்விடும். டேட்டா எப்போது தீரும் என்று கேளுங்கள். சமூக ஊடகத்துக்கு மட்டும் தனி பெக்கேஜ் போடுகிறவருக்கு எங்கள் இணைப்பைத் தட்டி வெளியே போனால் காசு வெட்டும், ஆகவே தட்டமாட்டார். எந்த எழுத்து வாசிக்க வசதி என்றும் கேட்க வேண்டும். இதை நாங்கள் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. கொழும்பில் பிறந்து சிங்கள மொழியிலோ ஆங்கில மொழியிலோ படித்த எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டில் நல்ல தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ்ப் பந்தி ஒன்றை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள்! அவர்களுக்கும் மட்டக்குளி அம்மாவுக்கும் ஒரே மருந்து பொருந்தலாம்: ஒரு நிமிடக் குரல் பதிவு, அம்மாவுக்கு அதையே ஒரு போன் அழைப்பாக.

ஆய்வு சொல்லாத விஷயங்களும் உண்டு, அவற்றை நாங்கள்தான் யோசிக்க வேண்டும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடைப்பட்டன. 2019 ஏப்ரலில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அப்படித்தான். யார் உயிரோடு இருக்கிறார், யாருக்கு இரத்தம் வேண்டும் என்று ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. 2022 ஏப்ரலில் மறுபடியும். அவசரம் வரும் நாளில்தான் இவை மூடப்படும். அதனால் எதைத் தேர்ந்தாலும் பக்கத்தில் சாதாரண எஸ்எம்எஸ் பட்டியல் ஒன்றும், தெருவுக்கு ஒரு பொறுப்பாளரும் இருக்கட்டும்.

வட்ஸ்அப்பை நான் விழுந்து விழுந்து ஆதரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பெரிய குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாத இலக்கங்களில் இருந்து இரவில் "ஹாய்" வருகிறது என்று இரண்டு தங்கைகள் விலகியதை நான் அறிவேன். அறிவித்தலுக்கு மட்டும் என்றால் இலக்கம் வெளியே தெரியாத வட்ஸ்அப் சனல் இருக்கிறது. காலை வணக்கம் படங்களும் அங்கே வராது, அதுவே ஒரு புண்ணியம். நாங்கள் சேர்க்கப்போகும் பதில்களையும் இப்படியே காப்பாற்ற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. பெயரையும் பதிலையும் ஒரே தாளில் எழுதாமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறு அந்த யோசனையை வாக்குக்கு விடாதீர்கள், ஒரு மாதம் தள்ளிவையுங்கள். வட்ஸ்அப் குழுவை இப்போதைக்கு மூட வேண்டாம், தபால் அட்டையை நிறுத்தவும் வேண்டாம். பதிவேட்டை என்னிடமும் ஊடகக் குழுவில் இரண்டு பேரிடமும் தாருங்கள். மூன்று பேர், நான்கு வார இறுதிகள். முடிவு முகநூலுக்கே சாதகமாக வந்தால் முதல் போஸ்டரை நானே பகிர்கிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருத்தி

பி.கு.: நூறு அழைப்புக்கான ரீலோட் செலவைப் பொருளாளர் அண்ணாவிடம் கேட்கப் போகிறேன். கண் முகாமுக்கு அடித்த கலர் போஸ்டரின் பில் எவ்வளவு என்று அவர் முதலில் எடுத்துப் பார்த்து வைக்கட்டும்.