எர்ணாவூரிலிருந்து ஒரு திறந்த மடல்: ஆபத்தை முன்னாலேயே சொல்லுங்கள், புரிகிற மாதிரி சொல்லுங்கள்

மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், மாநகராட்சி மண்டல அலுவலகம், அப்புறம் எங்கள் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் எல்லாருக்கும்,

வணக்கம். நான் வடசென்னையில் எண்ணூரை ஒட்டிய எர்ணாவூரில் குடியிருக்கிறேன், சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எங்களைச் சுற்றியிருக்கிற ரசாயன ஆலைகளை மூடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, ஆனால் இந்த மடல் அதற்காக இல்லை. எங்களைச் சுற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், அது வெளியே வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை எங்களுக்குப் புரிகிற மாதிரி, எதுவும் நடப்பதற்கு முன்பே சொல்லுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இப்போது எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இரண்டே வாசகம்தான். "அச்சப்படத் தேவையில்லை." "நிலைமை கட்டுக்குள் உள்ளது." 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதியபோதும், எண்ணெய் எதுவும் கசியவில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. அப்புறம் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது, பிள்ளைகள் கையில் வாளியைக் கொடுத்து அள்ள வைத்தார்கள். அதைத் தொட்டால் தோலுக்கு என்ன ஆகும், அந்த நெடியை எவ்வளவு நேரம் சுவாசிக்கலாம் என்று அள்ளப் போனவர்களுக்கு யார் சொன்னது? முதல் நாள் அறிவிப்பு பொய்யாகிப் போனால், அடுத்த முறை நீங்கள் நிஜமாகவே "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நஷ்டம் எங்களுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான்.

2023 டிசம்பர் 26 ராத்திரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றுக்கு வந்த எண்ணெயையே எங்கள் ஆட்கள் அப்போது முழுசாகத் துடைத்து முடிக்கவில்லை. அதற்குள் பெரியகுப்பம் பக்கம் ஒரு உர ஆலைக்காகக் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நள்ளிரவு நேரம், கண் எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள், என்ன நெடி என்று யாருக்கும் தெரியவில்லை. ஜனங்கள் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் நடையாகவும் கிளம்பினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா கைக்குழந்தையின் முகத்தில் உலர்ந்த துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையக்கூடியது, துண்டை நனைத்துப் பிடித்திருந்தால் கொஞ்சமாவது தடுத்திருக்கும். வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, இந்த ஒரு வரியைத்தான் அந்த அம்மாவுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

போபாலில் 1984 டிசம்பரில் நடந்ததும் இதுதானே. அந்த மக்களும் என்ன வாயு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்தான் ஓடினார்கள். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று ஸ்டைரீன் என்கிற ரசாயன ஆவி கசிந்தபோது ஆலையில் சைரன் இருந்தது, அடிக்கத்தான் யாரும் அடிக்கவில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. போபாலுக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகரமான வேதிப்பொருள் விதிகளை எடுத்துப் பாருங்கள். பெரிய விபத்து நடக்கக்கூடிய ஆலை, அக்கம்பக்கத்தில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அது என்ன மாதிரி ஆபத்து, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தெரிவிக்க வேண்டும் என்று 15-வது விதி சொல்கிறது. ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்கிற அவசரத் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, வருஷத்துக்கு ஒரு முறையாவது அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது 14-வது விதி. எங்கள் தெருவில் அப்படி ஒரு துண்டுச்சீட்டைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒத்திகை என்று சீருடைக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு நிற்கும் போட்டோ பேப்பரில் வருகிறது, சரி, அந்தத் திட்டத்தில் எங்கள் தெரு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று போட்டிருக்கிறது?

அமோனியா கசிவுக்குப் பிறகு அந்த உர ஆலை வாசலில் அளந்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது, 24 மணி நேரத்துக்கான வரம்பு 400 என்று செய்தி வந்தது. வரம்பைப் போல் ஐந்து மடங்கு என்று தலைப்புப் போட்டால் ஊரே நடுங்கும். அதே அளவை இன்னொருவர், தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கு அனுமதிக்கிற அளவில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவுதான், ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். இரண்டும் கணக்குப்படி சரி, இரண்டுமே எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. ஏனென்றால் அது கசிவுக்கு அப்புறம் எடுத்த அளவு. நள்ளிரவில் குப்பத்துத் தெருவில் எவ்வளவு இருந்தது என்று அது சொல்லாது. எங்கே அளந்தீர்கள், எத்தனை மணிக்கு அளந்தீர்கள், அந்த அளவில் ஆஸ்துமா இருக்கிற ஒரு பாட்டிக்கு என்ன ஆகும், இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தகவல். இது எங்களுக்காக மட்டும் கேட்பதில்லை. கோட்டையில் முடிவெடுக்கிற அமைச்சருக்கும் செயலாளருக்கும் இதே போலத்தான் "வரம்புக்குள்" என்றோ "வரம்பை மீறி" என்றோ ஒற்றை வரியில் கோப்பு போனால், அதை வைத்து அவர்களும்தான் என்ன முடிவெடுப்பார்கள்?

இன்னொன்று, வாயுவுக்கு வாயு யோசனை மாறும். குளோரின் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும், அது கசிந்தால் உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். அமோனியா இயல்பில் காற்றைவிட லேசு, ஆனால் குளிர்வித்துத் திரவமாக வைத்திருந்தது கசியும்போது வெள்ளைப் புகை மாதிரி முதலில் தரையை ஒட்டியே வரும். எதுவானாலும் காற்று போகிற திசையிலேயே ஓடாமல் குறுக்கே விலகிப் போக வேண்டும். இதையெல்லாம் சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது, பீதியாகிவிடுவார்கள் என்று நிபுணர்கள் கூட்டங்களில் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். ஐயா, தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் இருப்பவர்கள் தினமும் வாடைக்காற்றா கச்சான் காற்றா என்று பார்த்துத்தான் வலை ஏற்றுகிறார்கள். காற்றின் திசை அவர்களுக்குப் புரியாதா?

ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்கிற அறிவுரையையும் இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருக்கிறது. எதைச் சாத்துவது? அப்படிப்பட்ட தெருவுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சமுதாயக் கூடம், ராத்திரியில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் தேவையான தகவல்.

மணலியில் 2015-லிருந்து 37 கன்டெய்னர்களில் 740 டன் அமோனியம் நைட்ரேட், வெடிக்கக்கூடிய சரக்கு, கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகம் இதே சரக்கால் வெடித்த பிறகுதான் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அது தெரிய வந்தது, தெரிந்த அதே மாதத்தில் சரக்கு ஹைதராபாத்துக்குக் கிளம்பிவிட்டது. ஐந்து வருஷம் நகராதது, ஊருக்குத் தெரிந்ததும் நகர்ந்தது. ஜனங்களுக்குத் தெரிவது நிர்வாகத்துக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எனவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஆலையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் ஒரே ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி நெடி வரும், துணியை நனைப்பதா மேலே ஏறுவதா, எந்த வழி, எந்தக் கட்டடம், எந்த நம்பர். ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்டுங்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் வீட்டில் சொல்லிவிடுவார்கள். எந்தச் சைரன் ஆபத்துக்கு, எது ஓய்ந்துவிட்டது என்பதற்கு என்று அடித்துக் காட்டுங்கள். 2023-ல் சோதனைக்காகப் போனில் பீப் சத்தத்தோடு எச்சரிக்கை வந்ததே, அதை வாயு கசியும்போதும் அனுப்புங்கள். கரண்ட் போயிருந்தால் ஆட்டோவில் மைக் கட்டி வாருங்கள். விபத்து நடந்த முதல் மணி நேரத்தில் உங்களுக்கே எல்லாம் தெரிந்திருக்காது, பரவாயில்லை, "இது தெரியும், இது இன்னும் தெரியவில்லை, அடுத்து இத்தனை மணிக்குச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள், சொன்ன மணிக்கு வந்து சொல்லுங்கள்.

தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் குப்பத்துப் பெண்கள் நாலு பேரிடம் படிக்கக் கொடுத்து, அவர்களுக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். அடுத்த ஒத்திகை எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று எங்களுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். என் டியூஷன் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
எர்ணாவூரில் வசிக்கும் ஒரு டியூஷன் ஆசிரியை