நையாண்டிச் செய்தி எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மருத்துவக் காப்பீட்டை வைத்து நீ எழுதும் நையாண்டிச் செய்திகளை எங்கள் மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் எல்லோரும் படிக்கிறோம். 'கையுறையை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்: காப்பீட்டு நிறுவனம் வேண்டுகோள்' செய்திக்கு வாய்விட்டுச் சிரித்தோம். பரிசோதனைக் கையுறை, முகக்கவசம், கிட்னி ட்ரே என்று, காப்பீட்டில் வராதவையாகப் பில்லில் வரிசையாகக் கழித்திருப்பதைப் பார்த்து, "இதெல்லாம் இல்லாம எப்படிப் பார்ப்பாங்க?" என்று கேட்பவர்களுக்கு நாங்கள்தான் தினமும் பதில் சொல்கிறோம். கேள்வி நியாயமானது. நீ அதை இன்னும் பலர் காதில் போட்டாய்.

ஆனால் 'சர்க்கரை உள்ளவர்களுக்கு இனி கிளெய்ம் கிடையாது' என்றொரு செய்தி போட்டாயே, அது வேறு மாதிரி. உன்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நையாண்டி என்று தெரியும். வாட்ஸாப்பில் தலைப்பு மட்டும்தான் சுற்றியது. ஓர் அம்மா அதைப் போனில் காட்டி, "ஏம்மா, இனிமே பணம் கட்டுறது வீணா?" என்று கேட்டார். அவருடைய பாலிசிக்கு இது நான்காவது வருடம். பாலிசி எடுக்கும்போதே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2024-லேயே விதி வந்துவிட்டது. அவர் அதைத் தாண்டிவிட்டார். புதுப்பிக்காமல் விட்டு, பிறகு புதிதாக எடுத்தால் காத்திருப்பு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால்தான் சொல்கிறேன், நம்பும்படியான விதி எதையும் நீயாகப் புனையாதே. உண்மையான விதியை உள்ளபடியே வைத்து அதன் மேல் எழுது. சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

அறை வாடகையை எடுத்துக்கொள். 5 லட்சம் பாலிசி, ஒரு நாள் வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். நோயாளி 10,000 ரூபாய் அறையில் சேர்கிறார். மூன்று நாளுக்கு 15,000 கையிலிருந்து போகும் என்று கணக்குப் போடுகிறார். வரம்பு அறை வாடகையில் பாதிதான் என்பதால் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் கழிப்பார்கள்; அறுவை சிகிச்சைக் கட்டணம் 1 லட்சம் என்றால், அதிலும் பாதிதான் வரும் என்பது டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரிகிறது. சேரும்போதே யாராவது சொல்லியிருந்தால் சாதாரண அறையே போதும் என்றிருப்பார். அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் இப்படி விகிதப்படி கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லியிருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? இதை எழுது, தம்பி. எனக்கு இதில் நிஜமான கோபம் இருக்கிறது.

அப்புறம், கவுன்டரில் உட்காரும் பெண்ணைக் கேலிப் பொருளாக்காதே. கழிப்பது அவள் இல்லை, திட்டு மட்டும் அவளுக்கு.

டிஸ்சார்ஜ் தாமதத்தைப் பற்றி அடுத்து எழுதப்போவதாகச் சொன்னாய். டிஸ்சார்ஜுக்கு அனுமதி கேட்டு மருத்துவமனை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக வாங்கினால், அந்தத் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும். இதுவும் 2024 விதிதான். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இந்த இரண்டையும் செய்தியின் அடியில் நேரடியாகப் போட்டுவிடு. தலைப்புப் படத்திலேயே போட முடிந்தால் இன்னும் நல்லது, வாட்ஸாப்பில் அதுவும் சேர்ந்து போகும்.

அன்புடன்,
அக்கா