எங்கள் அப்பாவுக்குத் துணை நின்ற குடியாத்தத்து உறவுகளுக்கு

அன்புடையீர்,

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. வந்தவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசக்கூட முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1968-இல் ராணுவ சர்வீஸ் கோரில் சேர்ந்தவர் அப்பா. மாவு, பருப்பு, எண்ணெய் என்று படைக்குப் போகும் சாமான்களுக்குக் கணக்கு வைப்பது அவர் வேலை. 1971 போரில் கிழக்கு எல்லையில் இருந்தார். டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததைப் பற்றிக் கேட்டால், "பிடிபட்டவங்களுக்கும் சேர்த்து சோறு போடணுமேம்மா, அதுதான் அன்னைக்குக் கவலை" என்பார். அந்தப் போருக்கான பூர்வி ஸ்டார் பதக்கம் மேசை டிராயரில் சிவப்பு மைப் புட்டிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

1985-இல் பென்ஷனோடு ஊர் திரும்பி, லுங்கிக் கடைகளுக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தார். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கம்ப்யூட்டர் சென்டர் தம்பிகள்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு முதல் நன்றி.

நள்ளிரவில் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணன், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், பிரதிபலன் பாராமல் இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸம்மா, எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுத் தங்கச்சிக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பி.காம். படிக்கிற பெண். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு தினமும் சாயங்காலம் வந்து பேரேட்டை வாசித்துக் காட்டுவாள். ஒருநாள் பற்று வரவில் 27 ரூபாய் இடித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "ஒன்பதால வகுபடுதுல்ல? ரெண்டு இலக்கம் இடம் மாறினா அப்படித்தான் வரும். எங்கயோ மாத்திப் போட்டிருக்கே, பாரு" என்றார். தேடினாள். 63 என்பதை 36 என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு அப்பா சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காது. அதைக் கொடுத்தவள் நீதான்மா.

முன்னாள் படைவீரர் அண்ணன்மார்களே, உங்களில் பலருக்கு நவம்பர் மாத வாழ்நாள் சான்றுக்கும் குடும்ப பென்ஷனுக்கும் அப்பா விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தெருமுனையில் நீங்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை மூன்று நாளாகத் தலை தூக்கவே இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். பதினோரு கடைகளின் பேரேடுகள் இன்னும் எங்கள் மர பீரோவில்தான் இருக்கின்றன. பிப்ரவரி வரை அப்பாவே கூட்டிப் போட்டுவிட்டார். மார்ச் கணக்கை அவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல அந்தத் தங்கச்சி எழுதி முடித்தாள். மாலை ஆறு மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா காபி போட்டுத் தருவார், இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
மகள்